எதிராளிக்கு ஓர் அர்ச்சனை

என் தங்கை என்னை முதன்முதலாகத் தூக்கிப் போட்ட அன்று நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கையில் அப்பாவின் ஈர லுங்கி. பின்னாலிருந்து வந்தவள், "அக்கா, ஒரு நிமிஷம் ஆடாம நில்லு" என்றாள். நின்றேன். அடுத்து நான் பார்த்தது வானத்தை. மலை இருந்த இடத்தில் கொய்யா மரமும் கொய்யா மரம் இருந்த இடத்தில் மலையும் தெரிந்தன. லுங்கி என் முகத்தின் மேல் விழுந்து கிடந்தது. அதை விலக்கி எட்டிப் பார்த்து, "வலிக்குதாக்கா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "இன்னொரு வாட்டி போடட்டுமா? கால் சரியா வெக்கல" என்றாள். அப்போது அவள் பத்தாம் வகுப்பு. நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்ற பெயரில் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் மல்யுத்தத்துக்குப் போன கதையே ஒரு கூத்து. பள்ளியில் கபடி ஆடிக்கொண்டிருந்தவள் அவள். ஒருநாள் பி.டி. டீச்சர் வகுப்புக்கு வந்து, மாவட்டப் போட்டியில் பெண்கள் குஸ்திக்கு ஒருத்தியும் பெயர் கொடுக்கவில்லை, கொடுத்தால் நேராக மாநிலப் போட்டிக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். மாநிலப் போட்டி எங்கே என்று இவள் கேட்டாளாம். சென்னை என்றதும் கையைத் தூக்கிவிட்டாள். கடல் பார்க்கலாம் என்பதைத் தவிர அந்தக் கைக்கு வேறு காரணம் கிடையாது. அந்த முறை போய் ஒரு நிமிடத்துக்குள் தோற்றுவிட்டு, கடலையும் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். வந்தவள் கடலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னைக் கவிழ்த்த பெண் எந்தக் கையை எங்கே வைத்தாள் என்பதையே ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. வாசலில் அம்மாவின் இட்லிக் கடை. அப்பா லாரி ஓட்டப் போனால் திரும்பி வர நாளாகும். ஊரில் குஸ்தி பிடிக்கும் பெண் என்று இவளைத் தவிர ஒருத்தி இல்லை. பையன்களோடு பயிற்சி செய்ய அம்மா விடமாட்டாள். போட்டி உடுப்பைப் பார்த்ததற்கே, "மேல ஒரு துண்டாவது போட்டுக்கடி" என்றவள் அவள். ஆகவே மிச்சமிருந்தது நான். கொல்லையில் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் அப்பாவின் லாரியிலிருந்து கழித்த தார்ப்பாயை விரித்து இழுத்துக் கட்டினோம். அதுதான் எங்கள் மேட். வெயில் ஏறினால் தோசைக்கல்லாகக் காயும். அதனால் காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் மட்டும் என்னைத் தூக்கிப் போடுவாள்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அவள் ஆடுவது ஐம்பது கிலோ பிரிவில். நான் காற்றடித்தால் சாயும் உடம்பு. "நீ ரொம்ப கம்மியா இருக்கக்கா. உன்னைத் தூக்கிப் பழகினா அங்க போயி மாட்டிக்குவேன்" என்றாள். அன்றிலிருந்து எனக்கு எடை ஏற்றும் வேலை தொடங்கியது. காலையில் கடைக்குப் போகும் முதல் ஈட்டு இட்லியில் பாதி எனக்கு. மேலே நல்லெண்ணெய். மதியம் தயிர் சோற்றோடு வேர்க்கடலை. அவளோ போட்டி நெருங்கினால் அரை வயிற்றுக்குச் சாப்பிட்டு என் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரே வீட்டில் ஒருத்தி எடை ஏற்றத் தின்றாள், இன்னொருத்தி எடை இறக்கப் பட்டினி கிடந்தாள். எங்கள் இரண்டு பேரையும் நடுவில் வைத்துக்கொண்டு அம்மா பட்ட பாடு இருக்கிறதே, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பயிற்சியால் என் படிப்பு கெடுகிறது என்று நான் முணுமுணுத்தேன். அதற்கும் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். என்னைக் கவிழ்த்து, இரண்டு தோளும் தார்ப்பாயில் படிய அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் திறந்து வைத்திருக்கும் என் வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து ஒரு கேள்வி கேட்பாள். பதில் சொன்னால்தான் விடுதலை. மூச்சு முட்டும் நேரத்தில் சோழர்களின் துறைமுகப் பட்டினத்தை நினைவுக்குக் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அப்படி வந்த பதில் பிறகு மறக்கவே இல்லை. இன்றைக்கு நான் வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றால் அதற்குப் பாதிக் காரணம் என் தங்கையின் முழங்கால்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் முழங்கையில் ஊதாக் காயம் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "எங்கயாவது விழுந்துட்டியாம்மா?" என்று பரிவோடு கேட்டார். நான் தலையாட்டப் போனேன். காப்பித் தட்டோடு நின்றிருந்த தங்கை, "விழல, நான்தான் போட்டேன்" என்றாள். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. அடுத்து வந்தவர் இதே பதிலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அப்ப கல்யாணத்துக்கு அப்புறமும் பிராக்டிஸுக்கு வருவாங்களா?" என்று கேட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் அவள் நன்றாகத் தேறிவிட்டாள். அந்த வருஷம் மாநிலப் போட்டியில் நிச்சயம் ஏதாவது வாங்குவாள் என்று பி.டி. டீச்சரே சொன்னார். எடையைச் சரியாகக் கொண்டுவருவதற்காகக் கோடை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மலையைச் சுற்றி ஓடினாள். கிரிவலம் வந்தவர்கள் ஏதோ பெரிய வேண்டுதல் என்று நினைத்து வழிவிட்டார்கள். ஒரு அம்மா மட்டும் நிறுத்தி, "ஷூ போட்டுக்கினு மலை சுத்துறியே, வேண்டுதல் பலிக்குமா?" என்று திட்டினாளாம். இவள் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மிச்சத் தூரத்தையும் ஓடி முடித்து, கால் பொத்துப்போய் வந்தாள். கேட்டால், "பெரியவங்க சொன்னாங்க, என்ன பண்றது" என்றாள். மேட் மேல் எவளையும் விடாத பெண், வெளியே யார் என்ன சொன்னாலும் தட்டமாட்டாள். அந்தக் குணம்தான் அந்த வருஷம் அவளைக் கவிழ்த்தது.

போட்டிக்குக் கிளம்பும் நாள் விடியலில் அம்மா பெரிய கோவிலுக்குப் போய் வெண்பொங்கல் பிரசாதம் வாங்கிவந்திருந்தாள். தொன்னை நிறைய நெய் மினுங்கும் பொங்கல். எடை பார்க்கும் வரை தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். "சாமி சோறு எடை ஏறாதும்மா. அவரு குடுக்குறது அவருக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா, முழு நம்பிக்கையோடு. தங்கை என்னைப் பார்த்தாள், தொன்னையைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வழித்துத் தின்றுவிட்டுக் கும்பிட்டாள். சென்னையில் எடை மேடை ஏறினால் ஒரு கைப்பிடிச் சோற்று எடை கூடுதல். ஆடவே விடவில்லை. பேருந்து நிலையத்தில், கூடப் போயிருந்த என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாளே தவிர அழவில்லை. "அம்மாகிட்ட தோத்துட்டேன்னு சொல்லிடலாம்கா. பொங்கல் கதை வேணாம்" என்றாள். ஆனால் டீச்சர் கடைக்கு இட்லி வாங்க வந்த இடத்தில் அது வெளியே வந்துவிட்டது. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று மாலை தங்கையின் தலையை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தபடி, "என்னைத் திட்டிடு, மனசுல வெச்சிக்காத" என்றாள். "நல்லா இருந்ததும்மா பொங்கல்" என்றாள் இவள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் ஒரு மகளிர் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே நிஜமான மேட், நிஜமான பயிற்சியாளர், தூக்கிப் போட நிறையப் பெண்கள். அவள் போன முதல் ஞாயிறு காலை, அம்மா வீட்டில் இருந்த நான் பழக்கத்தில் விழித்துக் கொல்லைக்குப் போய் நின்றேன். தார்ப்பாயின் மேல் கொய்யா இலைகள் கிடந்தன. என்னைத் தூக்கிப் போட ஆளில்லை என்று அழுத ஒரே பெண் இந்த ஜில்லாவிலேயே நானாகத்தான் இருப்பேன். அம்மா பார்த்துவிட்டாள். ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

கல்லூரி நாட்களில் அவள் தோற்றதுதான் அதிகம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் வடக்கத்திப் பெண்கள் வருவார்கள். அவர்கள் ஊர்களில் நடக்கப் பழகும்போதே குஸ்தியும் பழகிவிடுவார்கள் போலிருக்கிறது. முதல் வருஷம் போனாள், வந்தாள். இரண்டாம் வருஷம் காது வீங்கி, ஒரு பல் ஆடி, முழங்காலில் கட்டோடு வந்தாள். "விட்டுடுடி" என்று அம்மா கெஞ்சினாள். நானும் ஒருமுறை போனில் அதையே சொன்னேன். அவளோ, "இன்னிக்கு ஒருத்தி என்னைக் கவுத்தா பாரு, அது எப்படின்னு சொல்றேன் கேளு" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் சொன்னாள். தன்னை ஜெயித்தவளைப் பற்றி இவ்வளவு ஆசையாகப் பேசும் ஒருத்தியை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்தக் கோபம் வராத தன்மை எனக்குச் சில சமயம் எரிச்சலாகக்கூட இருந்திருக்கிறது.

மூன்றாம் வருஷம் அந்தப் பெண்களில் இரண்டு பேரைக் கவிழ்த்து வெள்ளி வாங்கினாள். தேசிய முகாமில் சேர்த்துக்கொண்டார்கள். முதுகலையில் சேர்ந்த வருஷம் தேர்வுப் போட்டியில் ஜெயித்து, ஆசிய அளவில் நடக்கும் இளையோர் போட்டிக்கு இந்திய அணியில் இடம் பிடித்தாள். முதுகில் நாட்டின் பெயர் எழுதிய மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு வீடியோவில் திரும்பித் திரும்பிக் காட்டினாள். அம்மா அந்தப் பெயரைத் திரையின் மேல் விரலால் தடவினாள். ஆனால் போகிற அன்று என்னிடம் மட்டும் சொன்னாள்: "இளையோர் பிரிவுல எனக்கு இதுதான் கடைசி வருஷம்கா. முட்டி வேற இப்படி இருக்கு. மெடல் இல்லாம வந்தா முகாம்ல வெச்சிக்க மாட்டாங்க. அப்புறம் ஊருக்கு வந்து உன்னைத்தான் தூக்கிப் போட்டுக்கினு இருக்கணும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போட்டி நாள் பௌர்ணமியாக அமைந்தது. எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் பாதையில் தலை, தலைக்கு மேல் தலை. இட்லிக் கடையில் ஈடு இறக்கக் கை போதாது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன். போனைச் சாம்பார் அண்டாவில் சாய்த்து வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் பார்த்தோம். முதல் ஆட்டமே ஒரு மங்கோலியப் பெண்ணோடு. குட்டை முடி, சிவந்த கன்னம், இவளைப் போலவே சின்ன உருவம். கூட்டம் சேரச் சேர நெட்வொர்க் திக்கித் திணறியது. படம் நின்று நின்று வந்தது. ஒரு முறை நின்றபோது என் தங்கை மேலே இருந்தாள். மறுபடி ஓடியபோது கீழே இருந்தாள். அந்தப் பெண்ணின் கையை நடுவர் தூக்கினார்.

அம்மா கையிலிருந்த சாம்பார்க் கரண்டியை அண்டாவில் ஓங்கிப் போட்டாள். "அவ நாசமா போவ! அவ கையி விளங்காம போவ!" என்று கத்தினாள். இட்லிக்குக் காத்திருந்தவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். அம்மா அப்படிச் சபித்து நான் கேட்டதே இல்லை. கண்ணில் நீர் வழிய, விடாமல் சபித்தாள். நான் மொட்டை மாடிக்கு ஓடிப்போய்ச் சிக்னல் தேடினேன். கொஞ்ச நேரத்தில் தங்கையே கூப்பிட்டாள்.

"அக்கா, இன்னும் முடியல. எங்க ஆட்டத்துல ஒரு ரூல் இருக்கு. என்னை ஜெயிச்சவ ஃபைனல் வரைக்கும் போனா, அவகிட்ட தோத்த எனக்கு நாளைக்கு மறுபடி சான்ஸ் குடுப்பாங்க. வெண்கலத்துக்கு ஆடலாம். அவ இன்னும் ரெண்டு பேரை ஜெயிக்கணும்கா. வேண்டிக்க. அவளுக்காக வேண்டிக்க."

நான் இறங்கிவந்து அம்மாவிடம் சொன்னேன். புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அந்தப் பொண்ணைப் போயி வாயில வந்ததெல்லாம் சொல்லிட்டேனே" என்று வாயில் அடித்துக்கொண்டாள். மாவுக் கையைப் புடவையில் துடைத்தாள். கடையைப் பக்கத்துப் பூக்கடைக்காரியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்கள் ஊர்க் கோவிலுக்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். பௌர்ணமி என்பதால் நடை சாத்தியிருக்கவில்லை. அம்மா அர்ச்சனைத் தட்டை நீட்டினாள்.

"யார் பேருக்கும்மா?" என்று கேட்டார் குருக்கள்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் போனில் பார்த்த அந்தப் பெயரை எனக்குத் தெரிந்த மட்டும் உருட்டிச் சொன்னேன். குருக்கள் இரண்டு முறை சொல்லிப் பார்த்து, பாதியில் கைவிட்டார். "நட்சத்திரமாவது சொல்லுங்கோ."

"சித்திரை" என்றாள் அம்மா. அது என் தங்கையின் நட்சத்திரம்.

"அம்மா, அது நம்ம..." என்று நான் ஆரம்பித்தேன்.

"சும்மா இருடி. ரெண்டும் ஒரே வயசு, ஒரே எடை. நட்சத்திரம் மட்டும் மாறியா இருந்துடும்?" என்றாள் அம்மா. பிறகு குருக்களிடம் திரும்பி, "எங்க வீட்டுப் பொண்ணுனே வெச்சிக்கங்க சாமி. வெளியூர் போயிருக்கா. நல்லா இருக்கணும்னு பண்ணுங்க" என்றாள். கற்பூரம் காட்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டு, தான் சொன்ன ஒவ்வொரு சாபத்தையும் பெயர் சொல்லித் திரும்ப எடுத்துக்கொண்டாள். கை விளங்கணும் சாமி, கால் நல்லா இருக்கணும் சாமி என்று அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. பின்னால் நின்றிருந்த வரிசை நெருக்கியது. அம்மா நகரவில்லை.

அந்தப் பெண் அன்று மதியம் ஒருத்தியை ஜெயித்தாள். மாலையில் இன்னொருத்தியை, கடைசி நொடிகளில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாள். நான் மாடியிலிருந்து கத்திய கத்தலில் பாதையில் போனவர்கள் அரோகரா என்று பதில் குரல் கொடுத்தார்கள்.

மறுநாள் கூட்டம் வடிந்துவிட்டது. கடையைத் திறக்காமல் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தோம். தங்கை முதலில் ஒருத்தியைச் சுலபமாக வென்றாள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பின்தங்கியிருந்தவள், எதிராளி அசந்த ஒரு கணத்தில் இரண்டு காலையும் வாரி எடுத்துக் கவிழ்த்து, இரண்டு தோளும் மேட்டில் படிய அழுத்திவிட்டாள். எத்தனை காலை வேளைகளில் நான் அப்படிக் கிடந்திருக்கிறேன்! எனக்கு மூச்சு முட்டியது. நடுவர் கையால் தரையைத் தட்டி ஆட்டத்தை முடித்தார். நான் அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

இப்போது அவள் வடக்கே, பெரியவர்கள் பிரிவு முகாமில் இருக்கிறாள். எங்கள் ஊரிலும் பத்துப் பெண்களாவது குஸ்தி பழகுகிறார்கள். அவர்களுக்கு ரப்பர் மேட் வந்துவிட்டது, எடைக்கு எடை ஜோடியும் இருக்கிறது. அக்காமார்கள் தப்பித்தார்கள். ஏற்றிய எடையை மட்டும் நான் இன்னும் இறக்கவில்லை. அலுவலகத்தில் யாராவது என் தங்கையைப் பற்றிக் கேட்டால் பதக்கத்தைத்தான் கேட்கிறார்கள். நானும் அந்த வெண்கலத்தைத்தான் சொல்கிறேன். அது வந்த பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

ஆட்டம் முடிந்த கொஞ்ச நேரத்தில் அவள் அரங்கத்திலிருந்தே வீடியோவில் கூப்பிட்டாள். முகமெல்லாம் வியர்வை, உதட்டோரம் ரத்தம், வாய் நிறையச் சிரிப்பு. அம்மா போனை என்னிடமிருந்து பிடுங்கினாள்.

"அம்மா, ஜெயிச்சிட்டேம்மா!"

"பார்த்தேன்டி கண்ணு. பார்த்துக்கினுதான் இருந்தேன்" என்றாள் அம்மா. உடனே, "அந்தப் பொண்ணு ஆட்டம் எப்போ?" என்று கேட்டாள்.

"எந்தப் பொண்ணு?"

"நம்ம பொண்ணுடி. உன்னை ஜெயிச்சாளே, அவ."

"இப்பதாம்மா. ஃபைனலுக்கு மேட் மேல ஏர்றா."

"அப்ப நீ ஏன் என்கிட்ட பேசிக்கினு இருக்க? போனை அந்தப் பக்கம் திருப்பு."

தங்கை அம்மாவையே பார்த்தாள். எடை மேடையிலும் அழாதவள், பல் ஆடியபோதும் அழாதவள், அப்போது அழுதாள். அழுதுகொண்டே போனைத் திருப்பினாள். திரையில் அந்தக் குட்டை முடிப் பெண், தனியாக, குனிந்து நின்றிருந்தாள். அம்மா இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டாள். நடுவர் விசில் ஊதினார். போனுக்குப் பின்னாலிருந்து, அத்தனை நாட்டு இரைச்சலுக்கும் மேலே, என் தங்கை எங்கள் ஊர்த் தமிழில் தொண்டை கிழியக் கத்துவது கேட்டது: "காலைப் புடி! காலைப் புடிச்சிக்க! விடாத, விடாத!"